தூணுக்கு ஓய்வளித்த வள்ளல்

பழைமையின் புரவலரே, புதுமையின் தவப்புதல்வரே, கடப்பாரையைச் செங்கோலாகவும் லாரியைப் பட்டத்து யானையாகவும் கொண்டு செட்டிநாட்டுத் தெருக்களில் திக்விஜயம் செய்தருளும் கட்டடக் கலைச் சக்கரவர்த்தியே! தங்கள் திருநாமத்தை இங்கே எழுதாமல் விடுவது மரியாதைக் குறைவால் அன்று. ஒருவர் பெயரை எழுதினால், அதே புகழுக்கு முழு உரிமை உடைய மற்றவர்கள் மனம் நோவார்கள். எல்லோர் பெயரையும் எழுதவோ இந்த இதழில் பக்கம் போதாது. ஆகவே பெயரின்றியே பாடுகிறேன். உரியவர்கள் மாலைக்குத் தலை நீட்டிக்கொள்வார்களாக.

தாங்கள் அவதரிக்கும் முன்பு இந்த நாடு எப்பேர்ப்பட்ட அறியாமையில் கிடந்தது! பழைய வீடு என்றால் அது கட்டிய இடத்திலேயே நிற்கும், அதில் ஆட்கள் குடியிருப்பார்கள், ஒழுகினால் ஓடு மாற்றுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். காரைக்குடியைச் சுற்றி எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் கட்டி வைத்த வீடுகளைத்தான் பாருங்களேன். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் மறு தெருவில். திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் வைத்து, முன்வாசலில் நிற்பவர் கண்ணுக்குப் பின்வாசல் வெளிச்சம் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். இவ்வளவையும் சேர்த்து ஒரே வீடு என்று எண்ணியதுதான் அவர்கள் பேதைமை. தாங்கள் ஒருவரே அதற்குள் நூறு வீடுகளுக்கான சாமான் உறங்குவதைக் கண்டவர். நிலை ஒரு வீட்டுக்கு, தூண் இன்னொரு வீட்டுக்கு, உத்திரம் ஓர் உணவகத்துக்கு, ஜன்னல் கம்பி ஒரு புகைப்பட நிலையத்துக்கு. ஒரு கரும்பைக் கணுக்கணுவாக நறுக்கி ஊருக்கே பங்கிட்டது போல ஒரு மாளிகையைப் பங்கிட்டளித்த ஈகை, முல்லைக்குத் தேர் கொடுத்தவனையும் நாணச் செய்யும். அவன் கொடுத்தது அவனுடைய சொந்தத் தேர்தானே.

இந்த ஈகைக்கு அந்தப் பக்கத்தில் 'வீடு பிரிப்பது' என்று பெயர். அந்த வேலை நடக்கும் அழகில் மனம் பறிகொடுக்காதவர் யார்? முதலில் ஓடு இறங்கும், பிறகு கைமரம், பிறகு உத்திரம், பிறகு தூண். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே பீங்கான் ஜாடி, எனாமல் தூக்குச் சட்டி, சாமி படம், கதவு, கைப்பிடி, கல்யாணப் புகைப்படம் எல்லாம் ஒரே குடும்பமாக வீற்றிருக்கும். யாருடைய பாட்டனார் என்று தெரியாத ஒருவர், சட்டமிட்ட படத்துக்குள் தலைப்பாகையோடு அமர்ந்து, விலைச் சீட்டைத் தாங்கிக்கொண்டிருப்பார். சந்ததியற்றுப் போனாரே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். தாங்கள் அவரை வாங்கிச் சென்று, ஏதோ ஒரு பண்ணை வீட்டின் மாடிப்படியில் மாட்டி, அந்தக் குடும்பத்துக்கு ஒரு பாட்டனாரையும் அருளிவிடுகிறீர்கள்.

தங்கள் திருப்பணிகளில் தலையாயது தூண்களுக்குத் தாங்கள் அளித்த ஓய்வு. பர்மாத் தேக்கு எத்தனை பாடுபட்டது! காட்டில் வெட்டுண்டு, ஐராவதி ஆற்றில் தெப்பமாக மிதந்து, கடல் கடந்து, மாட்டு வண்டியில் பொட்டல் காட்டைத் தாண்டி, நடுமுற்றமான வளவில் வந்து நின்றது. நின்ற நாள் முதல் தலையில் போதிகை, போதிகையின் மேல் உத்திரம், அதன் மேல் அடுக்கடுக்காக நாட்டு ஓடு. ஒரு நாள் விடுப்பு உண்டா? தீபாவளிக்காவது இறக்கி வைக்கச் சொன்னவர் உண்டா? நான்கு தலைமுறையாகச் சுமந்து நின்ற அந்த ஏழை மரத்தைக் கண்டு இரங்கியவர் தாங்கள். இன்று சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், தாங்கள் எழுப்பிய மாளிகையின் கூடத்தில் அது நிற்கும் பெருமிதத்தைக் காணக் கண் கோடி வேண்டும். கூரையைத் தாங்கக் கான்கிரீட் உத்திரம் இருக்கிறது. உத்திரத்தைத் தாங்கச் சுவருக்குள் கான்கிரீட் தூண் இருக்கிறது. தேக்குத் தூணுக்கு வேலை என்று ஒன்றுமே இல்லை. அதன் உச்சிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. அந்த இடைவெளியையும் வெள்ளை சிமெண்டால் பூசி, சுமப்பது போன்ற பாவனையை மட்டும் அதற்கு விட்டுவைத்தீர்கள். உழைத்தவனை உட்காரவைத்துச் சோறு போடுவார்கள்; தாங்களோ நிற்கவைத்துப் படம் எடுக்கிறீர்கள்.

கூடத்தின் உயரம் பத்தடி, தூண் அதைவிட உயரம் என்றால் சாமானியக் கொத்தனார் கூரையை உயர்த்துவான். தாங்கள் தூணைத் தாழ்த்தினீர்கள். அதிலும் என்னே தங்கள் கருணை! தலைப்பக்கம் செதுக்கு வேலை இருக்கிறது என்று அதை விட்டுவிட்டுக் காலைத்தான் அறுத்தீர்கள். பிறகு, நூறாண்டுக் காலம் எண்ணெயும் உள்ளங்கைகளும் ஏற்றி வைத்த கருமெருகை அழுக்கு என்று கண்டு, மணலை வீசி அடிக்கும் இயந்திரத்தால் உரித்து எடுத்தீர்கள். உரித்த மரம் நேற்று வாங்கிய மரம் போல் வெளிறித் தெரிந்ததும், பழைய தோற்றம் வேண்டுமே என்று கருஞ்சாயம் ஏற்றி, அதன் மேல் மெலமைன் பாலிஷ் அடித்தீர்கள். காலம் நூறாண்டில் செய்த வேலையை ஒரு வாரத்தில் அழித்து, மறு வாரத்திலேயே அதைப் போலவே இன்னொன்றைச் செய்து, இரண்டுக்கும் தனித்தனியே கூலி கேட்ட மதிநுட்பத்துக்குக் குபேரனும் கணக்கெழுத வரலாம்.

தூணுக்கே இந்த மரியாதை என்றால் தெய்வத்துக்குக் கேட்க வேண்டுமா? நிலைக்கு மேலே, இரண்டு யானைகள் நீர் சொரிய வீற்றிருந்த கஜலட்சுமியைத் தாங்கள் விட்டுவிடவில்லை. வாசலில் வெயிலிலும் தூசியிலும் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அருள்பாலித்துக் களைத்த தாயாரைக் குளிரூட்டிய அறைக்கு எழுந்தருளச் செய்து, மதுப் புட்டிகள் அடுக்கிய அலமாரியின் நெற்றியில் பிரதிஷ்டை செய்து, பின்னால் மஞ்சள் விளக்கும் ஏற்றினீர்கள். யானைகள் இன்னும் சொரிந்துகொண்டுதான் இருக்கின்றன. விருந்தாளிகளின் கோப்பை நிறைவதற்கு அதுவே காரணம் என்று அன்பர்கள் சொல்கிறார்கள்.

பெட்டகம் தொலைக்காட்சிக்குப் பீடமானதும், ஆட்டுக்கல் தோட்டத்து நீரூற்றானதும், இட்லிக் கொப்பரையில் பிளாஸ்டிக் தாமரை பூத்ததும் உலகறிந்த செய்தி. அவற்றைத் தாண்டிச் செல்வோம்.

திண்ணையை மட்டும் தாண்ட மனம் வரவில்லை. பழைய திண்ணை தெருவைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. வழிப்போக்கன் படுத்துறங்குவான், பழம் விற்கிறவள் கூடையை இறக்கி வைப்பாள், கணக்குப்பிள்ளை எழுதுவார், யாருடைய பிள்ளையோ வந்து பாடம் படிக்கும். என்ன ஒழுங்கீனம்! தங்கள் மாளிகையிலும் திண்ணை உண்டு. அசல் கல் பலகை, அசல் மரச் சாய்வு. ஆனால் அதற்கு முன்னே ஆளுயரத்தை விஞ்சிய மதில், மதிலில் தானாகத் திறக்கும் இரும்புக் கதவு, கதவருகே சீருடைக் காவலர், அவருக்கு மேலே கேமரா. வழிப்போக்கரிடமிருந்து திண்ணையை இவ்வளவு பத்திரமாகக் காத்த வேந்தர் வரலாற்றில் வேறு எவரும் இலர்.

ஆத்தங்குடிக் கல்லின் கதையும் அப்படியே. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் குழம்பை வார்த்து, சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. மனிதக் கால்கள் நடமாட நடமாடத்தான் அதற்கு மெருகு ஏறும். இதைச் செவியுற்றதும் தாங்கள் அந்தக் கல்லைக் கால் படாத சுவரில் ஒட்டினீர்கள். தரைக்கு, அதே பூவேலையை இயந்திரத்தில் அச்சடித்த வழவழப்பான ஓட்டை வரவழைத்தீர்கள். ஒவ்வொரு பூவும் அடுத்த பூவைப் போலவே இருக்கிறது. கை நடுங்கியதற்கான தடயம் எங்கும் இல்லை. கையே இல்லையே, நடுக்கம் எங்கிருந்து வரும்?

பிரித்துச் சென்ற வீடுகளோடு தங்கள் அருள் நின்றுவிட்டதா என்றால் இல்லை. ஊரிலேயே விட்டு வைத்த வீடுகளும் தங்கள் கடைக்கண் பார்வைக்கு ஆளாகியிருக்கின்றன. 'பழைமை மாறாமல் நவீன வசதி' என்பது அங்கே தாங்கள் ஓதும் மந்திரம். அந்தச் சுவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அக்காலத்து மூடர்கள் சுண்ணாம்பை நாள்கணக்கில் புளிக்கவைத்து, கடுக்காய்ச் சாறும் கருப்பட்டிப் பாகும் விட்டு அரைத்து, மேல்பூச்சில் முட்டை வெண்கருவையும் கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல் ஆக்கினார்கள். கன்னத்தை வைத்தால் சித்திரையிலும் குளிரும். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புச் சுவர் வாங்கி, வெளியே விட்டுவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று அந்தக் கொத்தனார்கள் சொல்வார்கள். சுவர் எதற்கு மூச்சு விட வேண்டும் என்று கேட்ட முதல் மேதை தாங்கள். வெடிப்பு கண்ட இடமெல்லாம் சிமெண்டு பூசி, அதன் மேல் புட்டி வைத்து, அதன் மேல் நீர் புகாத பெயிண்ட் அடித்து மூக்கையும் வாயையும் அடைத்தீர்கள். வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிய ஈரம் தங்கள் கருணையை நினைந்து உருகி, அடுத்த மழைக்காலத்தில் சுவரெங்கும் வெண்ணிற உப்பாகப் பூத்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பூச்சு பழைய சுண்ணாம்பையும் கூட்டிக்கொண்டு தட்டுத் தட்டாகக் கழன்றது. நூறாண்டு கழன்று விழாத பூச்சைச் சில ஆண்டுகளுக்குள் விழச்செய்ததோடு, 'பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்' என்று அதன் பழியையும் பழைமைக்கே அர்ப்பணித்தீர்கள். தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத தியாகம்!

வளவைத் தாங்கள் ஆட்கொண்ட விதம் தனிக் காவியத்துக்கு உரியது. வானம் பார்த்த அந்தச் சதுரம் பகலில் சூடேறிய காற்றை மேலே அனுப்பிவிட்டு, முகப்பிலிருந்தும் பின்கட்டிலிருந்தும் குளிர்ந்த காற்றை இழுக்கும். மழை நாளில் நான்கு பக்கக் கூரையின் நீரும் அதற்குள் இறங்கும். மூலையில் அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மிஞ்சியது கல் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும். மின்சாரக் கட்டணம் செலுத்தாமல் குளிர்ச்சியையும், லாரித் தண்ணீர் வாங்காமல் நீரையும் பெறுவது எவ்வளவு பெரிய அநாகரிகம்! தாங்கள் வளவின் தலையில் கண்ணாடிக் கூரை அமைத்தீர்கள். வெயில் உள்ளே வந்தது. வந்த வெயில் வெளியே போக முடியாமல் தங்கியது. சூரிய பகவானைச் சிறையெடுத்த இராவணனுக்கு அடுத்தபடி அந்தப் பெருமை தங்களுக்கே வாய்த்தது. வெக்கை தாங்காமல் நான்கு மூலையிலும் குளிரூட்டிகள் வந்தன. அவற்றின் குழாய்களுக்காக, செதுக்கு வேலை கொண்ட உத்திரங்களில் துளைகள் விழுந்தன. குழாய்களை மறைக்கப் பொய்க்கூரை வந்தது. பொய்க்கூரை மெய்க்கூரையின் வண்ணச் சித்திரங்களை மறைத்தது. மழைச்சத்தம் இல்லையே என்று விருந்தினர் ஏங்கியபோது, அதற்கும் தாங்கள் சளைக்கவில்லை. சுவிட்சைத் தட்டினால் ஒரு பித்தளைக் குழாயிலிருந்து மெல்லிய நீர்த்திரை விழும்படி செய்தீர்கள். வெளியே ஐப்பசி மழை சாக்கடைக்கு ஓட, உள்ளே மோட்டார் மழை பெய்கிறது. மாதம் மும்மாரி பெய்யச் செய்த மன்னர்கள் பொறாமையால் வெந்து போவார்கள்.

இவ்வளவு செய்யத் தங்களுக்கு உற்ற துணையாக இருந்தவர்கள் வீட்டின் உரிமையாளர்களே என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடும்பத்துக்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். கல்யாணம், முன்னோர் படைப்பு என்றால் வந்து கூடுவார்கள். மற்ற நாளில் வௌவால். ஒழுகுகிற இடத்தில் ஓடு மாற்ற வேண்டுமென்றால் யார் எவ்வளவு போடுவது என்று தலைமுறைக் கணக்கில் பேச்சு நடக்கும். உடைந்த ஓட்டை மாற்றுவதற்கு ஒன்றுசேர முடியாத அவர்களை, மொத்த வீட்டையும் பிரிப்பதற்கு ஒரே மேசையில் கையெழுத்திட வைத்தீர்கள். குடும்ப ஒற்றுமைக்குத் தாங்கள் ஆற்றிய இந்தத் தொண்டை எந்தப் பஞ்சாயத்தும் ஆற்றியதில்லை.

சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நான் சரித்திரத்தை எடுத்துக் காட்டுகிறேன். அந்தத் தேக்கும் பளிங்கும் ஆகாயத்திலிருந்து விழுந்தவை அல்ல. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கீழ் பர்மாவின் விவசாயிகள் அடகு வைத்த நிலங்கள் கடன் கொடுத்தவர்கள் கைக்கு வந்தன. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நகரத்தார் என்னும் செட்டியார்கள் வசம் இருந்தது; 1938-இல் அது நூற்றுக்கு 25 ஆனது. பிறகு 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. 1962-க்குப் பின் படை ஆட்சி மிச்சத்தையும் வழித்தெடுத்தது. அப்படிக் கைமாறி வந்த செல்வம் இன்னொரு முறை கைமாறினால் என்ன? ஒரே வேற்றுமை: பர்மாவில் எழுதியவர்கள் அடமானப் பத்திரம் என்று எழுதினார்கள். தாங்கள் அதைப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று எழுதுகிறீர்கள். எழுத்தழகில் எவ்வளவு முன்னேற்றம்!

அரசாங்கமும் தங்கள் கீர்த்திக்குக் குறுக்கே நிற்கவில்லை. மாநிலத்துக்கு மரபு ஆணையம் ஒன்று வேண்டும் என்று 2012-இல் சட்டம் இயற்றினார்கள். அந்தச் சட்டம் தவழ்ந்து எழுந்து நடைபழகப் பல ஆண்டுகள் பிடித்தன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஊர்கள் பட்டியலில் ஏறிய அதே காலத்தில் அவற்றின் வீடுகள் லாரியிலும் ஏறின. வெளியூர்ப் பயணத்துக்கு இரண்டு சீட்டு எடுத்து, விரைவாகச் செல்லும் வண்டியைத் தேர்ந்தெடுத்த அந்த வீடுகளின் சமயோசிதத்தை நாம் மெச்ச வேண்டும்.

தங்கள் தொழிலுக்குப் போட்டியாளர்கள் சிலர் இருப்பதையும் வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தார் ஒரு செட்டிநாட்டு வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் பாருங்கள், தூணைத் தூணாகவே நிறுத்தி, அதன் தலையில் பழையபடி பாரத்தை ஏற்றி, அது எந்த ஊர் வீடு என்று பலகையும் எழுதி வைக்கிற கல்நெஞ்சம் அவர்களுக்கு. கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் சில வீடுகளைத் தங்கும் விடுதிகளாக்கியிருக்கிறார்கள். அங்கே வெந்நீர் வருகிறது, குளியலறை இருக்கிறது, குளிர்காற்றும் இருக்கிறது. இத்தனைக்கும் வளவு திறந்தே கிடக்கிறது, சுவரில் சுண்ணாம்பே பூசியிருக்கிறது. வசதிக்காக வீட்டைச் சிதைத்தே தீர வேண்டும் என்று தாங்கள் இத்தனை காலம் பாடுபட்டு நிலைநாட்டிய சித்தாந்தத்தை இப்படிச் சத்தமில்லாமல் பொய்யாக்குகிறவர்களை என்னவென்பது? விருந்தினர்கள் வேறு அங்கே போய்த் தங்கிவிட்டு, நன்றாயிருந்தது என்கிறார்கள்.

ஆகவே, சக்கரவர்த்தி அவர்களின் திருவடிகளில் ஒரு விண்ணப்பம். திருப்பணியைச் சற்றே துரிதப்படுத்த வேண்டும். ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டில் வண்ணம் வார்க்கத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. கடுக்காய் எத்தனை, கருப்பட்டி எத்தனை, சுண்ணாம்பு எத்தனை நாள் புளிக்க வேண்டும் என்று கேட்டால் சொல்லக்கூடிய கொத்தனார்கள் இன்னும் அந்தப் பக்கத்தில் உலவுகிறார்கள். போதிகையின் இணைப்பை ஆணியில்லாமல் கழற்றி, உளுத்த துண்டை மட்டும் மாற்றி மறுபடி பூட்டத் தெரிந்த ஆசாரிகளும் உண்டு. அவர்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்பது ஆறுதல்தான். ஆனாலும் இருக்கிற சிலர் இருக்கும்வரை, யாராவது ஒரு பங்காளி ஊருக்கு வந்து, அவர்களை அழைத்து, வீட்டை இருந்த இடத்திலேயே பழுதுபார்த்துவிடும் அபாயம் முற்றிலும் நீங்கிவிடவில்லை.